வலிக்கும் காலைக் கடைசியில் தொடுங்கள்

ஒசூர் ரோட்டில் பெங்களூருக்குள் வந்து டெய்ரி சர்க்கிள் தாண்டினால் பெரிய மருத்துவமனைகள் நடக்கும் தூரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. நரம்புக்கு நிம்ஹான்ஸ், புற்றுநோய்க்குக் கித்வாய், எலும்புக்குச் சஞ்சய் காந்தி, குழந்தைகளுக்கு இந்திரா காந்தி. சற்றுத் தள்ளி, பன்னேருகட்டா ரோட்டில் இதயத்துக்கு ஜெயதேவா. கிருஷ்ணகிரியிலிருந்தோ, உள்ளூரிலேயே ஸ்ரீராமபுரம், அல்சூர் பக்கமிருந்தோ ஒரு அம்மா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறார். "கால் வலிங்கிறான், நடக்க மாட்டேங்கிறான்" என்கிறார். இந்த ஐந்தில் அவர் எதற்குப் போக வேண்டும்? தசைச் சிதைவு, ரத்தப் புற்று, மூட்டுக்குள் சீழ், இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல், ஒன்றுமில்லாத வளர்ச்சி வலி எல்லாமே இதே வாக்கியத்தோடுதான் ஓபிடி வாசலுக்கு வரும். எம்ஆர்ஐக்கு எழுதும் முன்பே, முதலில் பார்ப்பவரின் கண்ணும் கையும் இதில் பெரும்பகுதியைப் பிரித்துவிடும்.

ஆனாலும் குழந்தை வார்டில் அதிகம் தவறவிடப்படுவது மூட்டையும் தசையையும் பார்க்கும் இந்தப் பரிசோதனைதான். கேஸ் ஷீட்டில் நெஞ்சு, வயிறு, இதயம் எல்லாம் இருக்கும். மூட்டும் தசையும் இருக்காது, அல்லது பார்க்காமலேயே 'நார்மல்' என்று இருக்கும். நேரமில்லை என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. அதற்குப் பதில் 2006லேயே வந்துவிட்டது. பிரிட்டனின் நியூகாசிலில் ஹெலன் ஃபாஸ்டரும் அவர் குழுவினரும் பள்ளி வயதுக் குழந்தைகளுக்காக வெளியிட்ட 'பிகால்ஸ்' என்ற முறைக்கு, பழகிய கைக்கு, இரண்டு நிமிடம் போதும். நடை, கை, கால், முதுகு என்று தலை முதல் கால்வரை ஒரு சுற்று. வலி எங்கே என்று குழந்தை சொன்னாலும் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்வதுதான் அதன் பலம். ஒரு முழங்கால் வீக்கத்துக்காக வந்த பெண்ணுக்கு, அவளே கவனிக்காத மணிக்கட்டில் மடக்க முடியாமை இருக்கலாம். அது தெரிந்தால் நோயின் பெயரே மாறும், மருந்தும் மாறும்.

தொடங்குவது மூன்று கேள்விகளோடு. மூட்டிலோ தசையிலோ முதுகிலோ வலி, விறைப்பு உண்டா? உதவியில்லாமல் உடை போட முடிகிறதா? மாடிப்படி ஏறி இறங்க முடிகிறதா? இவற்றோடு நம் வீடுகளுக்கு ஏற்ற சிலவற்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது. சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறானா, இப்போது நாற்காலி கேட்கிறானா? இந்தியக் கழிப்பறையில் குந்தி எழ முடிகிறதா, சுவரைப் பிடிக்கிறானா? முன்பு ஓடிவந்து ஏறிய பிஎம்டிசி பஸ் படியில் இப்போது தூக்கிவிட வேண்டியிருக்கிறதா? நான்கு வயதுக் குழந்தை 'வலிக்கிறது' என்று சொல்லாது. செய்துகொண்டிருந்த ஒன்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். நடக்கப் பழகிய குழந்தை திரும்பத் தூக்கச் சொன்னால் வீட்டில் அதைச் செல்லம் என்பார்கள்.

காலை விறைப்பைக் கேட்கும் விதத்தில்தான் பதில் இருக்கிறது. "காலையில் விறைப்பு உண்டா?" என்றால் எல்லா அம்மாவும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "எழுந்ததும் பாத்ரூம் வரைக்கும் எப்படிம்மா நடக்கிறான்? ஸ்கூல் வேன் வர்ற நேரத்துல எப்படி இருக்கான்?" என்று கேட்டால், "காலையில கிழவன் மாதிரி நடப்பான் டாக்டர், ஒன்பது மணிக்கு ஓடுவான்" என்று வரும். டிசம்பர் மாதத்து பெங்களூரில் இதற்குக் குளிரே காரணம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்திருப்பார்கள். குளிர், வீங்காத மூட்டை வீங்க வைக்காது. முற்பகலில் குழந்தையைப் பார்க்கும் ஓபிடி டாக்டருக்கு நடை சரியாகத் தெரிவதும் இதனால்தான்.

பிறகு உடை. துணிக்கு மேலாக மூட்டைப் பார்க்க முடியாது. சிறு குழந்தையென்றால் ஜட்டி, பனியனோடு. பெரிய பெண்பிள்ளைகளுக்குத் திரையும், அம்மாவோ செவிலியரோ உடனிருப்பதும், முழங்காலுக்கு மேல் ஏறும் தளர்ந்த ஷார்ட்ஸும் வேண்டும். செருப்பும் சாக்ஸும் கட்டாயம் கழற்ற வேண்டும். தவறவிடப்படும் கணுக்கால் வீக்கங்கள் சாக்ஸுக்குள்தான் ஒளிந்திருக்கும். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்குக் கீழ் என்றால் மேஜைமேல் ஏற்றவே வேண்டாம். அம்மா மடியே பரிசோதனை மேஜை.

கட்டளைகளை விளையாட்டாகச் சொல்லி, தானும் செய்து காட்டினால் குழந்தை அப்படியே செய்யும். கையை நீட்டு, திருப்பு, இறுக்கிப் பிடி. கட்டைவிரலால் ஒவ்வொரு விரலையும் தொடு. "சாமி கும்பிடு கண்ணு" என்றால் உள்ளங்கைகள் சேர்ந்து மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். முழங்கை பக்கவாட்டில் உயர்ந்திருக்க, இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. புறங்கைகளைச் சேர்க்கச் சொன்னால் எதிர்த்திசை மடக்கம். வானத்தைத் தொடு, தலையைத் தூக்கி ஃபேனைப் பார், கழுத்துக்குப் பின்னால் கையைக் கட்டு, காதால் தோளைத் தொடு. வாயைத் திறந்து சொந்த விரல் மூன்றை அடுக்கி உள்ளே வை. இந்தக் கடைசி ஒன்று தாடை மூட்டுக்கானது. வலிக்காமலேயே கெடும் மூட்டு அது, பின்னால் முகம் கோணலாகும். விரல் மூட்டு வரிசையைப் பக்கவாட்டில் மெதுவாக அழுத்தும்போது கையைப் பார்க்காதீர்கள், குழந்தையின் முகத்தைப் பாருங்கள்.

முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிள்ளைகளில் நீடித்த மூட்டுவாதம் முதலில் பிடிப்பது பெரும்பாலும் அதைத்தான். மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு காலும் நீட்டி, தொடைத் தசை தளர்ந்திருக்க வேண்டும். தசையை இறுக்கியிருந்தால் எந்தச் சோதனையும் பொய் சொல்லும். முதலில் தொடாமல் பாருங்கள். முழங்கால் சில்லின் இரண்டு பக்கமும் ஒரு சின்னக் குழி இருக்கும். நீர் சேரும்போது உள்பக்கக் குழிதான் முதலில் நிரம்பும். அடுத்து புறங்கையை, தொடையிலிருந்து முழங்கால் வழியாகக் கணைக்கால் வரை மெல்ல இழுங்கள். ஆரோக்கியமான முழங்கால் மேலும் கீழும் உள்ள தசையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். தொடையும் முழங்காலும் ஒரே சூடாக இருந்தால் அந்த முழங்கால் இயல்பாக இல்லை. 'சூடாக இல்லையே' என்று விட்டுவிடுகிற இடம் இது.

நீர் கொஞ்சமாக இருந்தால் அதை நகர்த்திப் பார்க்க வேண்டும். சில்லின் உள்பக்கத்தை உள்ளங்கையால் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை வருடி நீரைத் தள்ளிவிடுங்கள். குழி வெறுமையாகும். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரே வருடல். கண் உள்பக்கக் குழியில் இருக்கட்டும். ஓரிரு நொடியில் சின்ன அலைபோல் அது நிரம்பினால் நீர் இருக்கிறது. நீர் அதிகமென்றால் இது வேலை செய்யாது, ஏனென்றால் தள்ளிய இடத்தில் காலி இடம் இருக்காது. அப்போது இடது கையால் சில்லுக்கு மேலுள்ள பையை அழுத்திக் கீழே தள்ளி, வலது கைவிரலால் சில்லைத் தட்டினால் அது எலும்பில் மோதித் திரும்பும். மிக இறுகிய வீக்கத்தில் இரண்டும் காட்டாது. ஒன்றுதான் தெரியும் என்பவர், பெரிய வீக்கத்தைப் பார்த்துக்கொண்டே 'நீர் இல்லை' என்று எழுதிவிடுவார்.

கடைசியாக இரண்டு குதிகாலையும் ஒரு கையில் ஏந்தி மேஜையிலிருந்து தூக்குங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முழங்கால் நேர்க்கோட்டைத் தாண்டி 5 முதல் 10 டிகிரி பின்னால் வளையும். ஒரு பக்கம் வளைந்து, இன்னொரு பக்கம் நேராக நின்றுவிட்டால், நேராக நிற்பதுதான் நோயுள்ள பக்கம். 'முழுசா நீட்டுறான்' என்று நிம்மதி அடையக்கூடாது. நாள்பட்டதென்றால் தொடை மெலிந்திருக்கும். சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் (சின்னப் பிள்ளைக்கு 5 செ.மீ.) இரண்டு பக்கமும் பேனாவால் குறித்து டேப்பைச் சுற்றுங்கள். ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த நோய் போன வாரம் விழுந்ததால் வந்ததல்ல. விழுந்ததாகச் சொல்லப்படும் கதை எல்லாக் குழந்தைக்கும் உண்டு, ஏனென்றால் எல்லாக் குழந்தையும் தினமும் விழுகிறது. இன்னொன்று: வீங்கிய முழங்காலுக்கு ரத்த ஓட்டம் கூடி அந்தக் கால் வேகமாக வளரும். நோயுள்ள கால் நீளமாகும், குழந்தை அதை மடக்கியபடியே நடக்கும், வீட்டாரோ மற்ற கால் குட்டையாகிவிட்டது என்று அதைக் காட்டுவார்கள்.

முழங்கால் வலிக்கு முழங்காலில் ஒன்றுமே கிடைக்கவில்லையென்றால் இடுப்புக்குப் போங்கள். உண்மையில், கிடைத்தாலும் போங்கள். இடுப்பு மூட்டின் வலி தொடை வழியாக இறங்கி முழங்காலில் தெரிவதால், இரண்டு மாதம் முழங்கால் எக்ஸ்ரேயே எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் உண்டு. இடுப்பில் முதலில் போவது உள்சுழற்சி. இடுப்பும் முழங்காலும் 90 டிகிரி மடங்கியிருக்க, பாதத்தை வெளிப்பக்கம் கொண்டுபோனால் இடுப்பு உள்நோக்கிச் சுழலும். பாதம் போகும் திசையைப் பார்த்து 'வெளிச்சுழற்சி' என்று எழுதும் தவறு ஹவுஸ் சர்ஜன்களிடம் ஆண்டுதோறும் வரும். குப்புறப் படுக்க வைத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதங்களைத் தானாக வெளியே விழ விட்டால் இடுப்பெலும்பு ஏமாற்ற முடியாது. இரண்டு பக்கமும் சமமாக விழ வேண்டும்.

நான்கிலிருந்து எட்டு வயதுப் பையன், வலி அதிகமில்லை, நொண்டல் வாரக்கணக்கில் என்றால் தொடை எலும்புத் தலைக்கு ரத்தம் குறையும் பெர்த்தெஸ் நோயை நினைக்க வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயது, எடை கூடிய பிள்ளை, இடுப்பை மடக்கும்போது தொடை தானாக வெளியே திரும்பிக்கொண்டு போகிறதென்றால் தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டில் நழுவுகிறது. அப்படியொரு சந்தேகம் வந்த நொடியிலிருந்து அந்தப் பிள்ளை நடக்கக்கூடாது. எக்ஸ்ரே அறைக்கும் வீல் சேரில்தான் போக வேண்டும். நேர்ப்படம் மட்டும் எடுத்தால் சின்ன நழுவல் தெரியாது. இரண்டு இடுப்பும் சேர்த்துப் பக்கவாட்டுப் படமும் வேண்டும். அதற்காகக் காலை வலுக்கட்டாயமாக விரித்துவிடக் கூடாது.

காய்ச்சலும் இடுப்பு வலியும் சேர்ந்து வந்தால் இரவு எத்தனை மணியானாலும் காத்திருக்க முடியாது. சீழ் பிடித்த இடுப்போடு குழந்தை காலைச் சற்று மடக்கி, விரித்து, வெளியே திருப்பி வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். அந்த நிலையில்தான் மூட்டு உறைக்குள் இடம் அதிகம். இந்தக் காலை முழு அளவுக்குச் சுழற்றிப் பார்ப்பது கொடுமை. தொடைமேல் கையை வைத்து, நீட்டிய காலை உருளைக்கட்டையைப் போல் மெல்ல இப்படியும் அப்படியும் உருட்டினால் போதும், அதற்கே அலறும். 1999இல் பாஸ்டனில் மினிந்தர் கோச்சர் குழு நான்கு அளவுகோல்களைச் சொன்னது: 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காலை ஊன்ற மறுப்பது, அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான ஈஎஸ்ஆர் 40க்கு மேல், ரத்த வெள்ளணு 12,000க்கு மேல். நான்கும் இருந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் சீழ் இருந்தது. ஒன்று மட்டும் இருந்தவர்களில் 3 சதவீதம். பிறகு வேறு இடங்களில் சோதித்தபோது கணக்கு அவ்வளவு சுத்தமாக இல்லை. அழற்சிக்கான இன்னொரு ரத்தச் சோதனையான சிஆர்பி லிட்டருக்கு 20 மி.கி.க்கு மேல் என்பதையும் இப்போது சேர்த்துப் பார்க்கிறார்கள். நம் ஊரில் இந்தக் கணக்கைக் குலைப்பது தெருமுனை கிளினிக்கில் போட்ட மூன்று நாள் ஆன்டிபயாட்டிக். காய்ச்சல் இறங்கியிருக்கும், வெள்ளணு குறைந்திருக்கும், சீழ் அப்படியே இருக்கும். அதனால் என்ன மருந்து, எத்தனை வேளை என்று சீட்டை வாங்கிப் பார்ப்பதும் மூட்டுப் பரிசோதனையில் சேர்த்திதான். காசநோய் இடுப்பும் இந்த அளவுகோலில் சிக்காது. அது மாதக்கணக்கில், குறைந்த காய்ச்சலோடு, எடை குறைந்து வரும்.

சளி, காய்ச்சல் வந்து போன பிறகு மூன்று முதல் எட்டு வயதுக்குள் வரும் தற்காலிக இடுப்பு அழற்சிதான் எண்ணிக்கையில் மிக அதிகம். ஓய்விலும் இபுப்ரோஃபெனிலும் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். ஸ்கேனில் நீர் தெரியும், ஆனால் அது நீரா சீழா என்று ஸ்கேன் சொல்லாது. ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பச்சிளங்குழந்தைக்கு மூட்டில் சீழ் பிடித்தாலும் பல நேரம் காய்ச்சலே இருக்காது. டயப்பர் மாற்றும்போது மட்டும் வீறிடும், ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருக்கும். அதைப் பக்கவாதம் என்று நினைத்து நரம்பு டாக்டருக்கு அனுப்புவதும் நடக்கிறது.

தசைக்கு வருவோம். பெரியவர்களிடம் செய்வதுபோல் "என் கையைத் தள்ளு" என்று ஐந்து மதிப்பெண் போடுவது ஐந்து வயதுக்குக் கீழே வீண். குழந்தை சில நேரம் தள்ளும், சில நேரம் சிரிக்கும். தரைதான் நமக்கு நல்ல கருவி. பாயிலோ சுத்தமான தரையிலோ மல்லாக்கப் படுக்க வைத்து, எதையும் பிடிக்காமல் "சட்டுன்னு எழுந்து நில்லு தம்பி" என்று சொல்லி நொடியை எண்ணுங்கள். மூன்று வயது தாண்டிய பிள்ளை நேராக எழுந்து உட்கார்ந்து, பிறகு நிற்கும். இடுப்புத் தசை பலவீனமான பிள்ளை முதலில் குப்புறப் புரளும், நான்கு காலில் நிற்கும், பாதங்களை அகட்டும், புட்டத்தை மேலே தூக்கும், பிறகு கையைக் கணைக்காலிலும் முழங்காலிலும் தொடையிலும் ஊன்றித் தன் உடம்பின் மேலேயே ஏறும். பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் 1879இல் விவரித்தது இதைத்தான். பாடப்புத்தகப் படத்தில் இருப்பது முற்றிய நிலை. தொடக்கத்தில் ஒரு கை ஒரு நொடி தொடையைத் தொட்டுவிட்டு எழும், அவ்வளவுதான். அதைப் பிடிக்கத்தான் கண் வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் புரண்டு எழுவது இயல்பே. கவர்ஸ் அறிகுறி தெரிந்தாலே டுஷேன் எனும் பரம்பரைத் தசைச் சிதைவு என்று முடிவு கட்டவும் கூடாது. வைட்டமின் டி குறைவு, தசை அழற்சி, ஏன், இடுப்பு வலிகூட இப்படி எழ வைக்கும்.

டுஷேன் பையனின் கெண்டைக்கால் பெரிதாக, அழுத்தினால் ரப்பர்போல் கெட்டியாக இருக்கும். "நல்ல ஸ்ட்ராங்கான கால்" என்று பாட்டி பெருமைப்பட்டிருப்பார். சிதையும் தசையிலிருந்து கசியும் சிபிகே என்ற என்சைம் ரத்தத்தில் ஆயிரக்கணக்கில், பல நேரம் பத்தாயிரத்துக்கு மேல் போகும். இங்கே ஒரு பழைய வழித்தவறல் உண்டு. கல்லீரல் சோதனையில் பார்க்கும், ஆனால் தசையிலிருந்தும் கசியும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி கூடியிருப்பதைப் பார்த்துக் கல்லீரல் நோய் என்று மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது, கல்லீரலில் ஊசி போட்டுச் சதை எடுப்பது வரைகூடப் போவது. மஞ்சள் காமாலை இல்லாமல் அந்த இரண்டும் கூடியிருக்கிற பையனுக்கு 300, 400 ரூபாய் சிபிகே சோதனையை முதலில் எழுதுங்கள். ஒன்றரை வயதாகியும் நடக்காத ஆண்குழந்தைக்கும் அதேதான். கண்டுபிடிப்பு சீக்கிரம் நடந்தால், அம்மா அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபணுச் சோதனை செய்துகொள்ள வழி இருக்கும். தாமதமானால் அதே வீட்டிலிருந்து இரண்டாவது பையனும் வருவான்.

கழுத்தை மறக்கிறார்கள். தலையணையில்லாமல் படுக்க வைத்து, தலையை மட்டும் தூக்கித் தன் வயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளின் தோல்தசை அழற்சியில் கழுத்தின் முன்தசை சீக்கிரம் தளரும். அதே நேரம் விரல் கணு முட்டிகளையும் கண் இமையையும் பாருங்கள். புத்தகம் சொல்லும் ஊதா நிறம் நம் தோலில் ஊதாவாகத் தெரியாது. கருப்பாக, சொரசொரப்பாகத் தெரியும். அழுக்கு என்று தேய்த்துக் கழுவியிருப்பார்கள், அலர்ஜி என்று களிம்பு போட்டிருப்பார்கள். குரல் மூக்கால் வருகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது என்றால் அன்றே அட்மிஷன்.

திடீரென நடக்க முடியாமல் போவதில் இரண்டைப் பிரிக்க வேண்டும். ஃப்ளூ காய்ச்சல் இறங்கும்போது கெண்டைக்கால் தொட்டாலே வலித்து, நுனிக்காலில் நடக்கும் பிள்ளைக்குச் சிபிகே கூடியிருக்கும், ஆனால் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் துள்ளும் அனிச்சை அப்படியே இருக்கும். ஒரு வாரத்தில் சரியாகிவிடும். அனிச்சை காணாமல் போய், பலவீனம் காலிலிருந்து மேலே ஏறினால் அது நரம்புகளைத் தாக்கும் கியான் பாரே நோய். ஒரே மூச்சில் எதுவரை எண்ண முடிகிறது என்று சில மணிக்கொருமுறை சோதிக்க வேண்டும், ஐசியூவுக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். 15 வயதுக்குக் கீழ் திடீரெனத் தொளதொளப்பாகத் தளரும் எந்தக் காலும் போலியோ கண்காணிப்புக்கு அறிவிக்கப்பட வேண்டியது. தளர்ச்சி தொடங்கிய 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரி. 2014 மார்ச் 27ஆம் தேதி இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியா போலியோ இல்லாத பகுதி என்று சான்று வாங்கிய பிறகும் இந்த வேலை நிற்கவில்லை, நிற்கவும் கூடாது.

பரிசோதனையில் கிடைப்பது குறைவு, குழந்தை படும் வலி அதிகம் என்றால் பயப்பட வேண்டும். மூட்டைத் தொட்டால் பெரிதாக ஒன்றுமில்லை, எலும்பின் நடுவே அழுத்தினால் கத்துகிறது, இரவில் தூக்கத்திலிருந்து அழுதுகொண்டே எழுகிறது, வெளுத்திருக்கிறது. இது ரத்தப் புற்றாக இருக்கலாம். ரத்த அணுக்களை எண்ணும் முதல் சிபிசி சோதனை சரியாகவே வரக்கூடும். கண்ணாடியில் தேய்த்த ரத்தத் துளியை, அதாவது ஸ்மியரை, அனுபவமுள்ளவர் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதுவரை ஸ்டீராய்டு ஒரு மாத்திரைகூடக் கூடாது. கொடுத்தால் வலி அற்புதமாகப் போய்விடும், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை பொய் சொல்லும், சிகிச்சையும் சிக்கலாகும். மூட்டு வலி என்றதும் ஸ்டீராய்டு ஊசி போடுவதை மன்னிக்கவே முடியாது என்று சொல்லத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

வளர்ச்சி வலிக்கு இதற்கு நேரெதிர் குணம். மூன்றிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள், இரண்டு காலிலும், மூட்டில் இல்லாமல் கெண்டைக்காலிலும் தொடையிலும், மாலையிலோ இரவிலோ வரும். பிடித்துவிட்டால் சுகப்படும். காலையில் நொண்டல் இருக்காது, பரிசோதனையில் எதுவும் கிடைக்காது. ஒரே காலில், ஒரே இடத்தில் என்றால் அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள்.

லேப் சீட்டுகளால் வரும் தொல்லை தனி. கால் வலிக்கு 'ஏஎஸ்ஓ' என்ற ரத்தச் சோதனையை எழுதி, கூடியிருந்தால் ருமாட்டிக் காய்ச்சல் என்று மூன்று வாரத்துக்கொரு பெனிசிலின் ஊசியை வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். கொஞ்ச நாள் முன்பு தொண்டையில் ஸ்ட்ரெப் கிருமி வந்துபோனதைத்தான் அது காட்டும். உண்மையான ருமாட்டிக் மூட்டு வலி ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், தொட முடியாத அளவுக்கு வலிக்கும், ஆஸ்பிரினுக்கு ஓரிரு நாளில் பணியும், வாரக்கணக்கில் ஒரே முழங்காலில் உட்கார்ந்திருக்காது. சந்தேகமென்றால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன். மறுபுறம், ரத்தச் சோதனையில் 'ஆர்ஏ ஃபேக்டர்' இல்லை என்பதால் மூட்டுவாதம் இல்லை என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. 16 வயதுக்குள் தொடங்கி, 6 வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணம் கிடைக்காத மூட்டு அழற்சிதான் ஜேஐஏ எனும் சிறார் மூட்டுவாதம். அந்தப் பிள்ளைகளில் பெரும்பான்மைக்கு ஆர்ஏ ஃபேக்டர் இருக்காது. ஜேஐஏவை உறுதி செய்வது பரிசோதிப்பவரின் விரல்கள்தான். உறுதியானதும் கண் டாக்டரிடம் ஸ்லிட் லேம்ப் பரிசோதனைக்கு, சாமராஜ்பேட்டை மின்டோ மாதிரியான இடத்துக்கு, அனுப்பியாக வேண்டும். கண்ணுக்குள் வரும் அழற்சி சிவக்காது, வலிக்காது. பார்வை போன பிறகுதான் தெரியும்.

சிலவற்றைக் கேட்டுவிட்டே தொட வேண்டும். "எண்ணெய் போட்டு நீவினீங்களா, எங்கேயாவது கட்டு போட்டீங்களா?" ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா பையனின் ரத்தம் கட்டிய முழங்காலை நீவினால் இன்னும் வீங்கும். தடுப்பூசி போட்ட இடத்தில் பெரிதாகக் கட்டியதா, தாய்மாமனுக்கு இப்படி இருந்ததா என்றும் கேளுங்கள். இரண்டு மூன்று வகைக்கு மேல் சாப்பிடாத ஆட்டிசம் பிள்ளை நடக்க மறுத்து, தொட்டால் அழுதால், ஈறைத் தூக்கிப் பாருங்கள். வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி இந்தக் காலத்திலும் உண்டு. தரையில் கிடக்கும் நாணயத்தை எடுக்கச் சொன்னால் முதுகை வளைக்காமல் குந்தி எடுக்கும் குழந்தைக்கு முதுகெலும்புக் காசநோயைத் தேட வேண்டும்.

இரண்டு வயது வரை வில்கால், மூன்று நான்கு வயதில் முட்டிக்கால், ஆறு வயதுக்குள் தட்டைப்பாதம் எல்லாம் பெரும்பாலும் இயல்பே. நுனிக்காலில் நிற்கும்போது பாதத்தில் வளைவு தெரிந்தால் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஷூ வேண்டாம். வில்கால் ஒரு பக்கம் மட்டும் என்றாலோ, மணிக்கட்டு தடித்திருந்தாலோ அது வேறு. பிறந்த குழந்தையின் இடுப்பு விலகலைக் கண்டுபிடிக்கும் பார்லோ, ஆர்ட்டலானி சோதனைகள் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குத்தான் நம்பத்தக்கவை. அதன் பிறகு தொடை சமமாக விரிகிறதா என்பதே கேள்வி. குழந்தையை இடுப்பில் உட்கார வைத்துத் தூக்கும் நம் பழக்கம் அந்த மூட்டுக்கு நல்லது. காலை நேராக இழுத்து இறுக்கித் துணியில் சுற்றுவது நல்லதல்ல.

எழுதும்போது 'மூட்டு நார்மல்' என்று எழுதாதீர்கள். எந்த மூட்டு, எத்தனை டிகிரி, எந்தப் பக்கம், எழ எத்தனை நொடி என்று எழுதினால்தான் அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு நேற்றைவிட மோசமா, மேலா என்று தெரியும். காய்ச்சலோடு வந்த நொண்டலை நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். ஓபிடியில் ஒன்றும் தெரியாத பிள்ளையின் வீட்டாரை ஃபோனில் வீடியோ எடுத்துவரச் சொல்லுங்கள். படுக்கையிலிருந்து இறங்கும் அந்த நிமிடத்தில் தொடங்க வேண்டும், ஷார்ட்ஸ் போட்டிருக்க வேண்டும், வெறுங்காலோடு பத்து அடி போய்த் திரும்பி வர வேண்டும், பாதம் படத்தில் தெரிய வேண்டும். அதே ஓட்டத்தில் தரையில் உட்கார்ந்து எழுவதையும் எடுக்கச் சொல்லுங்கள்.